மடியாத நீர்த்துளிகள்

"மேடம், இது மடியவே மாட்டேங்குது."

சொன்னவர் தணிகாசலம், மாணவர். வயது ஐம்பத்திரண்டு.

கேட்டவர் நஸ்ரீன், ஆசிரியை. வயது முப்பத்தெட்டு.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தணிகாசலத்தைத்தான் பேராசிரியர் என்று நினைத்து வணக்கம் சொல்வார்கள். அவர் கூசிப்போய் நஸ்ரீனைக் காட்டுவார்.

மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் எண்ணெய். எண்ணெய்க்குள் நூற்றுக்கணக்கான நீர்த்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில், நான்கு இதழ் விரித்த பூவாகக் கிடந்தன. வெறும் கண்ணுக்கு ஒரு பொட்டு. நுண்ணோக்கியில்தான் பூ.

எண்ணெயில் கரைந்திருந்த கொழுப்பு ஒவ்வொரு துளியின்மேலும் தோலாகப் படிந்திருந்தது. அதனால் துளிகள் ஒட்டும். கலக்காது. உடம்பின் சதையைப் போன்ற ஒன்றைத் தண்ணீரால் கட்டுகிற வேலை அது.

அந்தப் பூ மடிந்து பந்தாக வேண்டும்.

மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. பந்து இல்லையென்றால் தணிகாசலத்துக்கு அங்கே இடமில்லை. வீட்டில் அத்தனை பேரும் வேண்டாமென்று சொல்லியும் மாத்திரைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

"எப்படி மடிக்கிறது மேடம்?"

"யார் மடிக்கணும்?"

"நான்தான்."

"மடிங்க."

அவர் மெல்லிய ஊசியால் ஓர் இதழின் நுனியைத் தூக்கினார். சில துளிகள் உடைந்து ஒன்றாகக் கலந்தன. இதழ் கிடந்தபடியே கிடந்தது.

"இதைவிட மெல்லிசா ஊசி வாங்கணும்."

"தண்ணியைத் தைக்கிற ஊசி எந்தக் கடையில சார் கிடைக்கும்?"

தணிகாசலத்துக்கு முகம் சிவந்தது.

"விளையாடாதீங்க மேடம். என் வேலையில தப்பே கிடையாது. மேலடுக்குல ஒரு துளி எடுங்க, கீழடுக்குல ஒண்ணு எடுங்க. அளவுலயோ உப்புலயோ வித்தியாசம் கண்டுபிடிச்சிடுங்க பார்ப்போம். இருபது வருஷம் மாத்திரைக்குத் தரம் பார்த்தவன் நான். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லேன்னா மொத்தத்தையும் குப்பையில கொட்டச் சொல்லிடுவேன்."

"பார்த்தேன். ரொம்ப அழகா இருக்கு."

"அப்புறம்?"

"அது ஏன் அசையணும்?"



கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் மேலடுக்குக்கான நீர். மற்றதில் கீழடுக்குக்கான நீர். இரண்டும் காலையில் அவர் அளந்து, வடிகட்டி வைத்தவை.

நஸ்ரீன் கீழடுக்குப் புட்டியைத் திறந்தார். அலமாரியிலிருந்து உப்பை எடுத்தார். ஒரு கரண்டி போட்டார். குலுக்கினார்.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"உப்பு போட்டேன்."

"எடைகூடப் பார்க்காமலா? கெட்டுப்போச்சே மேடம்!"

"கெட்டுப்போச்சு. இதை வச்சு இன்னொரு பூ போடுங்க."

"நாளைக்குக் குழு வருது."

"அதனாலதான் சொல்றேன்."

நஸ்ரீன் வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

வேறு நீர் தயாரிக்க நேரமில்லை. தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு புட்டிகளையும் துளி வைக்கும் இயந்திரத்தில் மாட்டினார். உப்பு கூடிய துளிகள் கீழே. பழைய துளிகள் மேலே. பூ விரிந்தது.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, ஓர் இதழின் நுனி கிண்ணத்தின் அடியைவிட்டு எழுந்தது.

நஸ்ரீன் திரும்பி வந்தபோது நான்கு இதழ்களும் எழுந்து நின்றன. தணிகாசலம் தலையைத் தூக்கவில்லை.

"மேடம், மேல இருக்கிற துளியெல்லாம் சின்னதாகுது. கீழ இருக்கிறது பெருசாகுது."

"அந்தத் தோல் வழியா தண்ணி போகும். உப்பு போகாது."

"அப்போ உப்பு கூடின பக்கம் தண்ணியை இழுத்துக்குது."

"ம்."

"கீழ பெருசாகவும், மேல சுருங்கவும், நடுவுல இதழ் வளையுது."

"ம்."

இதழ்கள் ஒன்றையொன்று தொட்டன. ஒட்டின. பந்து.

அவர் சிரித்தார். உடனே பயந்தார்.

"விடாம குடிச்சுக்கிட்டே இருந்தா? வெடிச்சிடுமே! நாளைக்கு எதைக் காட்டுறது? நிறுத்துங்க மேடம்."

"நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து சுவருக்கு ஏறியது. பந்து வெடிக்கவில்லை. வளரவுமில்லை.

"நின்னுடுச்சு." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஒண்ணுமே பண்ணலை. ஏன் நின்னுச்சு?"

நஸ்ரீன் கையுறையைக் கழற்றினார்.

"இப்போ ரெண்டு பக்கமும் உப்பு ஒரே அளவு. மேல் துளி குடுக்க வேண்டியதைக் குடுத்து முடிச்சிடுச்சு."