தலையைச் சுற்றிய வழி

“திரும்பி வராதவனைத் திட்டாதே, முதல்ல…” என்று பெரியப்பா இழுப்பார். முதலில் என்ன செய்யச் சொன்னார் என்பது மறந்துவிட்டது. அவர் சொன்ன கதை மட்டும் இருக்கிறது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வடபுலத்தில் வெண்கோடு என்றொரு நாடு. அதைப் பொற்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆளை ஏற்றிக்கொண்டு எண்ணெயில் பறக்கும் மரப்பறவைகள் அவனிடம் இருந்தன. உலகத்தின் மறுபக்கத்தில், நேர் கிழக்கே இருந்த பனித்துறைக்குத் தூதனுப்ப ஆசைப்பட்டான். உலகப்படம் எழுதிய சீலையை விரித்து, கோல் வைத்து, ஒரு நேர்கோடு இழுத்தான். இதைவிடக் குறுக்குவழி தேவர்களுக்கே தெரியாது என்றார், படம் எழுதிய கோளரிநாதர்.

மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அந்தக் கோட்டின்படி பறந்தார்கள். ஒருவரும் போய்ச் சேரவில்லை. பயந்துபோய் வழியில் இறங்கி ஓடிவிட்டார்கள் என்றார் கோளரிநாதர். அரசன் நம்பினான். மூன்று வீட்டு வாசலிலும் கரி பூசினார்கள். காரியம் செய்யக்கூட அனுமதி கிடைக்கவில்லை.

நாலாவதாகச் செங்குன்றன் பெயர் வந்தது. மறுத்தால் தலை போகும். இன்னும் ஒரு குடம் எண்ணெய் கேட்டுப் பார்த்தான். பறவை அந்தப் பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அமைச்சர் இளவெயினி எழுந்தார். வடக்கே பனிமலைக்கு மேலாக வளைந்து போனால் இருக்கிற எண்ணெயே போதும் என்றார். அந்த அமைச்சர் பதவி மேல் கோளரிநாதருக்கு நெடுநாள் கண்.

“அமைச்சர் அம்மா தலையைச் சுற்றி மூக்கைத் தொடச் சொல்கிறார்கள், மகாராஜா. உங்கள் கை போட்ட நேர்கோட்டை வளைப்பது ராஜதுரோகம் இல்லையா?” என்றார் கோளரிநாதர்.

சபை சிரித்தது. செங்குன்றன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இளவெயினி கைகூப்பி, தான் பேசியது அதிகம்தான் என்று ஒத்துக்கொண்டார். இத்தனை அழகாகப் படம் எழுதியவருக்கு அந்தச் சீலையாலேயே பரிவட்டம் கட்டி மரியாதை செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கோளரிநாதருக்கு வாயெல்லாம் பல். தலைப்பாகையைக் கழற்றி, மழுமழுவென்ற தலையைத் தானே குனிந்து நீட்டினார்.

பரிவட்டத்துக்கு முன் சந்தனம். வலது காதுக்கு நாலு விரல் மேலே ஒரு பொட்டு வைத்தார் இளவெயினி. இடது காதுக்கு மேலேயும் அதே உயரத்தில் ஒன்று.

“இது நம் ஊர், அது பனித்துறை. உச்சந்தலைதான் பனிமலை.”

ஒரு நூலை எடுத்து, பொட்டின் உயரம் மாறாமல் நெற்றிப் பக்கமாகச் சுற்றி, மறு பொட்டு வரை அளந்து வெட்டினார். அரசர் போட்ட கோடு இதுதான் என்றார். பிறகு அதே நூலை உச்சி வழியாகப் போட்டார். முனை மறு பொட்டைத் தாண்டிக் காதோரம் தொங்கியது.

“கூசுது,” என்றார் கோளரிநாதர். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அரசன் நூலையே பார்த்தான். “உலகம் உருண்டை என்று எனக்கும் தெரியுமே, அமைச்சரே.”

“தெரியும், அரசே. சீலைக்குத் தெரியாது.”

“தொங்குகிற அந்தத் துண்டு?”

“அவ்வளவு தூரத்துக்குத்தான் எண்ணெய் போதவில்லை. உங்கள் சொல்லை மீறி வடக்கே திரும்பியிருந்தால் மூன்று பேரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒருவர்கூட மீறவில்லை. எண்ணெய் தீர்ந்த இடத்தில் கீழே கடல்.”

கோளரிநாதர் குனிந்த தலையோடு, தான் படம் மட்டும்தான் எழுதியதாகவும் கோடு தன்னுடையது இல்லையென்றும் முணுமுணுத்தார். அரசன் அதை மறுக்கவில்லை. ஓடிவிட்டார்கள் என்று சொன்னது யார் என்று மட்டும் கேட்டான். படச்சாலைச் சாவியை அவர் இடுப்பிலிருந்து எடுத்து இளவெயினியிடம் கொடுத்தான். செங்குன்றனை வடக்கு வழியாகவே போகச் சொன்னான்.

பிறகு அரசன் அரியணையை விட்டு இறங்கினான். அந்த மூன்று வீடுகளுக்கும் நடந்தே போய், உங்கள் ஆட்களைக் கொன்றது நான்தான் என்று தன் வாயாலேயே சொல்வதென்று முடிவு செய்தான்.