ஒரே ஓலையில் நான்கு முதலிடம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கிவிட்டால் எந்தக் காலம் என்று யாரும் கேட்பதில்லை. கதை சொல்கிறவனுக்கு அது ஒரு வசதி. அப்படி ஒரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டை, கீர்த்திபாலன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. சீக்கிரம் சலித்துப் போகிறவர், அவ்வளவுதான்.

அந்த நாட்டில் எந்தக் காரியமும் மகாசபை வழியாகத்தான் நடக்கும். சபை திங்கள் முதல் வெள்ளி வரை கூடும். எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஓலையில் எழுதிவிடுவார்கள். அதற்கு வார ஓலை என்று பெயர். அதில் இருக்கிற விஷயம் வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்குள் முடியாவிட்டால், விளக்கில் காட்டிப் பொசுக்கிவிடுவார்கள். பிறகு ஒரு வருஷத்துக்கு அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

பேசுவதற்கும் முறை உண்டு. எழுந்து நின்று பேசுகிறவரை மன்னரே ஆனாலும் நிறுத்த முடியாது. அவராக உட்கார்ந்தால்தான் பேச்சு முடியும். உடனே மன்னர் "மறுப்பவர் உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். யாரும் மறுக்காவிட்டால் முத்திரை விழும். தன் விஷயத்தைப் பேச நின்றவர் நடுவே இன்னொரு விஷயத்துக்குத் தாவினால், தன் விஷயத்தைக் கைவிட்டவர் ஆவார்.

இந்த முறைகளை எந்தப் புண்ணியவான் வகுத்தானோ தெரியாது. ஆனால் இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று பிரதானி திருமலையப்பருக்குத் தெரியும். பிடிக்காத மனு ஓலையின் கடைசியில் இருந்தால், அவர் தன் விஷயத்தை எடுத்துக்கொண்டு வெள்ளி வரை பேசுவார். மனு விளக்குக்குப் போகும்.

மறுக்கும் உரிமை நான்கே பேருக்கு. பிரதானி, தளவாய், யானைக் கொட்டில் அதிகாரி, பிறகு விகடகவி வெண்காடன். நான்காவது ஆசனத்தை மன்னர் ஒருநாள் சிரித்து மூச்சுத் திணறியபோது கொடுத்துவிட்டார். மற்ற மூவருக்கும் அன்றிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை வெண்காடன் கோட்டை வாசலைத் தாண்டும்போது ஒருத்தி வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிடி நெற்பயிர். நுனி காய்ந்து பழுத்திருந்தது.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. நெட்டேரிப் பேச்சாயி. பெயர்தான் பேச்சாயி, ஆள் அளந்துதான் பேசுவாள்.

"போன வருஷம் நீதான சொன்ன, நான் பாத்துக்கறேன் ஆத்தான்னு?"

"சொன்னேன்."

"பொசுக்கிட்டாங்க. புகை எங்க ஊரு வரைக்கும் அடிச்சுது." அவள் பயிரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த வருஷமும் மதகை அடைச்சுட்டாரு உங்க பிரதானி. ஏரி தளும்பினாத்தான் அவரு வீட்டு விருந்தாளிங்க படகு வுட முடியுமாம். கதிர் பிடிக்கிற நேரம். இன்னும் எட்டு நாள்ல தண்ணி வரலேன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். நாப்பது வீடு. மனுவைக் குடுத்துட்டேன். கடைசியிலதான் போடுவாங்களாம்."

வெண்காடன் பயிரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஞாயிறன்று மன்னர் முன்னிலையில் வார ஓலை எழுத உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனே சண்டை.

"படைவீரர் அனைவருக்கும் ஒரே அளவு மீசை வேண்டும் என்ற என் யோசனையே முதலில் வர வேண்டும்" என்றார் தளவாய் கட்டாரியார்.

"யானைகளுக்கு நாளொன்றுக்கு ஆறு படி நெய். உயிர் போகிற விஷயம் இது" என்றார் யானைக் கொட்டில் அதிகாரி அனந்தப்பர். அவர் பொறுப்பில் இருந்த யானைகள் எலும்பும் தோலுமாக இருந்தன. அனந்தப்பர் அப்படி இல்லை.

"பிரதானிக்குத் தங்கப் பல்லக்கு என்பது நாட்டின் கௌரவம், மகாராஜா. கௌரவம் இரண்டாம் இடத்தில் நிற்கலாகாது" என்றார் திருமலையப்பர்.

மன்னருக்குத் தலை வலித்தது. "போதும்! இந்த வாரம் ஓலையில் உள்ள எல்லாமே முதலாவதாக வரட்டும். இரண்டாவது என்று எதுவுமே இருக்கக்கூடாது. இது நம் ஆணை!"

சபை விழித்தது. பிரதானியின் முகத்தில் மட்டும் வெளிச்சம்.

"அரிய ஆணை, மகாராஜா. இதை நிறைவேற்ற அரிய புத்தி வேண்டும். தங்கள் தாம்பூலத் தட்டில் பங்கு பெறும் வெண்காடனே ஓலையை எழுதட்டும். இயலாவிட்டால்..."

"கழுதை மேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விடுவோம்" என்றார் மன்னர். அவருக்கு அந்த யோசனையே கொஞ்சம் உற்சாகமாக இருந்தது.

பிரதானி கணக்குப் போட்டுவிட்டார். எவரை முதலில் எழுதினாலும் ஆணை மீறல். விகடகவி ஒழிவான். அந்தக் குழப்பத்தில் வாரம் கழியும், நெட்டேரி மனுவும் ஒழியும்.

"ஓலையில் மொத்தம் எத்தனை விஷயம்?" என்று வெண்காடன் எழுத்தரைக் கேட்டான்.

"நான்கு. கடைசியில் ஏதோ மதகு மனு."

"எல்லாமே என்றுதானே ஆணை?"

"எல்லாமேதான்!" என்று எரிந்து விழுந்தார் மன்னர்.

திங்களன்று சபை கூடியதும் எழுத்தர் ஓலையை வாசித்தார். ஒரே வரிதான். திங்கள், முதல் நாழிகை: நான்கு விஷயங்களும்.

"இது என்ன கூத்து?" பிரதானி துள்ளினார். "நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவதா?"

"ஒருவர் பின் ஒருவர் என்று ஆணையில் இல்லையே, பிரதானியாரே. இரண்டாவதாகப் பேசத் தங்களுக்கு விருப்பமென்றால் சொல்லுங்கள். இந்த ஓலையில் அதற்கு இடமில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றான் வெண்காடன்.

பிரதானி அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிரதானி முதலான மூவர், மனு கொடுத்த பேச்சாயி, ஆக நான்கு பேர் எதிரிலும் ஆளுக்கோர் எழுத்தர் உட்கார்ந்தார். சேகண்டி ஒலித்தது. நால்வரும் எழுந்தார்கள்.

"ஒவ்வொரு வீரனின் மூக்குக்குக் கீழும்..."

"...ஆறு படி உருக்கிய நெய்யை..."

"...தங்கத் தகடு போர்த்தி, பட்டுத் திரை கட்டி..."

"...இருபுறமும் முறுக்கி விட்டால் எதிரி நடுங்குவான்..."

"யானைக்கு எதற்கு மீசை?" என்று மன்னர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். பல வருஷங்களில் சபையில் அவர் விழித்திருந்தது அன்றுதான்.

பேச்சாயியிடம் வெண்காடன் வாசலிலேயே சொல்லியிருந்தான்: "சுருக்கமா சொல்லிட்டு உக்காந்துடு ஆத்தா." அதற்கு அவள், "நான் என்ன பாட்டா பாடப் போறேன்?" என்றிருந்தாள்.

"ஏரி நெறைஞ்சு கெடக்கு, பயிர் சாவுது. மதகைத் தெறங்க" என்றாள். உட்கார்ந்தாள்.

வெண்காடன் கை கூப்பினான். "மகாராஜா, ஒருவர் பேசி முடித்துவிட்டார்."

மன்னர் கூச்சலுக்கு மேலே கத்தினார்: "மதகு மனுவை மறுப்பவர் உண்டா?"

அப்போதுதான் பிரதானிக்கு உறைத்தது. மறுக்க வாய் திறந்தால் பல்லக்கு போய்விடும். உட்கார்ந்தாலும் பேச்சு முடிந்து, பல்லக்கு மறுப்புக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே தளவாயைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். தளவாய் மீசையைப் பற்றிப் பேசியபடி கூரையைப் பார்த்தார். அனந்தப்பர் கண்ணை மூடிக்கொண்டு நெய்யில் மூழ்கிவிட்டார்.

வெண்காடன் பிரதானியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுதைச் சவாரி இப்போது இல்லை, பயம் அதற்கல்ல. பிரதானி ஒரு கணம் பல்லக்கை மறந்தால் போதும், நாற்பது வீட்டுப் பயிரும் போச்சு. அவன் நம்பியிருந்தது அந்த மனிதரின் பேராசையை மட்டும்தான். நல்ல குணத்தை நம்பி அவன் போன வருஷமே பட்டுவிட்டான்.

"இரண்டாம் முறை! மறுப்பவர் உண்டா?"

பிரதானிக்கு ஒரு வழி தோன்றியது. "...அப்பல்லக்கில் அமர்ந்து நான் ஏரிக்கரை வழியே செல்லும்போது, நீர் தளும்பும் அழகைக் கண்டு, அந்த மதகை மட்டும்..."

"எழுத்தரே!" வெண்காடன் உரக்கக் கூவினான். "மதகு என்றாரா? பல்லக்கைக் கைவிட்டார் என்று எழுதிக்கொள்ளும்!"

"கதவு! கதவு என்றேன்!" பிரதானி அலறினார். "பல்லக்கின் கதவு! தேக்குக் கதவு! பித்தளைக் கீல்!"

மன்னர் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கிரீடம் ஒரு காதுக்கு வந்துவிட்டது. "மூ... மூன்றாம் முறை... மறுப்பவர்..." முடிக்க முடியவில்லை. விரலை மட்டும் மூன்று காட்டினார்.

பிரதானி மன்னரைப் பார்த்தார், பேச்சாயியைப் பார்த்தார். வாய் கோணியது. ஒரு மூச்சு இழுத்தார்.

"...கீலுக்கு மேலே குமிழ்" என்றார்.

முத்திரை விழுந்தது.

பேச்சாயி எழுந்து முத்திரையிட்ட மனு ஓலையை வாங்கி மடியில் செருகினாள். "வரேன். வாய்க்கால் பூரா புல்லு மண்டிக் கெடக்கு, தண்ணி வர்றதுக்குள்ள செதுக்கணும்." போகிற போக்கில் வெண்காடனிடம் நின்றாள். "இதைப் போன வருஷமே செஞ்சிருக்கலாமில்ல?"

"தோணல ஆத்தா."

"ம்" என்றாள். போய்விட்டாள்.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்து முத்து மாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். இனி வார ஓலை எழுதும் வேலையும் அவனுக்கே என்றார். முன்னதை அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

மூவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மன்னருக்குப் பசித்தது.

"இவர்கள் எப்போது உட்காருவார்கள்?"

"உட்கார மாட்டார்கள், மகாராஜா. உட்கார்ந்தால் மறுப்பவர் உண்டா என்று தாங்கள் கேட்பீர்கள்." வெண்காடன் தன் ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து, ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினான். "சபையில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான்."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பிரதானி நாலாவது ஆசனத்தைப் பார்த்தபடி, பல்லக்கின் இடது பக்கத்துக் குமிழை விவரிக்கத் தொடங்கினார். வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.