பானைக்குள் அடைத்த காற்று

சடச்சியின் குத்தகை நெல் களத்தில் குவிந்து கிடந்தது. தூற்றக் காற்று இல்லை. வானமோ கறுத்துக்கொண்டே வந்தது. நனைந்தால் அத்தனையும் முளைத்துவிடும். முறமும் கையுமாக அவள் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அப்போது மந்திரவாதி ஏகலிங்கம் வாய்கட்டிய பானையோடு வந்து நின்றார். "ஊர்க் காத்துப்பேய் எல்லாம் இதுக்குள்ள கெடக்கு. நெல்லுல பாதியக் குடு, தொறந்துவிடுதேன்."

"குடுக்கேன் சாமி. எந்தப் பக்கமிருந்து வீசும்?"

ஒருநாளும் நெல் தூற்றாதவர் சும்மா கையை நீட்டினார். "மேக்க இருந்து."

"அப்ப நீங்க மேக்கயே நில்லுங்க. காத்து வார பக்கம் நின்னா தூசி படாது."

அவர் மேற்கே போய் நின்று, மந்திரம் முணுமுணுத்துப் பானையைத் திறந்தார். ஒரு இலைகூட அசையவில்லை. மறுபடி முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில், தினமும் மத்தியானம் வருகிற கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பியது. சடச்சி முறத்தைத் தூக்கித் தூற்றினாள். பதரும் தூசியும் பறந்துபோய் ஏகலிங்கத்தின் தாடியிலும் கண்ணிலும் திறந்த பானையிலும் நிறைந்தன.

அவர் தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கினார். சடச்சி கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"பானைய மூடிக்கிடுங்க சாமி. இது வேற யாரோ தொறந்துவிட்ட காத்து."