மயில் வண்டியைத் துடைத்தவர்

உப்பு லாரி கழுவுகிறவருக்கெல்லாம் சரித்திரம் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

கடலோரத்தில் கரையடியூர் என்று ஓர் ஊர். தெற்கே உப்பளம், கிழக்கே கடல், நடுவில் சுப்பிரமணிய சுவாமி கோயில். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற உயரமான தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நின்று, நாள் முழுவதும் லாரி கழுவியவர்தான் நம் அடியார் வெயிலுமுத்தார். சோப்பும் உப்பும் தின்று அவர் விரல்நுனியில் ரேகையே இராது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் அது அவரை அடையாளம் தெரியாது என்று சாதிக்கும். “நாந்தான் தாயி, நேத்தும் வந்தேம்லா” என்று மெஷினிடமே மன்றாடுவார். பாதி மாதங்களில் அரிசியில்லாமல்தான் திரும்புவார்.

ஆனால் அவர் நாள் தொடங்கும் இடம் கொட்டகை அல்ல. கோயிலின் மேற்கு வாசலில் சுவாமி வண்டி நிற்கும் ஷெட். சுற்றிலுமுள்ள ஒன்பது கிராமங்களுக்கும் உற்சவர் எழுந்தருளுகிற வேன் அது. பின்னால் திறந்த மேடை, மேலே பட்டு விதானம், உடம்பெல்லாம் மயில் கழுத்து நிறம். ஊரில் யாரும் அதை வண்டி என்று சொல்வதில்லை. மயில் என்றுதான் சொல்வார்கள்.

தைப்பூசத்துக்கு முன்பு ஒருமுறை, ஆடிக் கிருத்திகைக்கு முன்பு ஒருமுறை, தூத்துக்குடியிலிருந்து ஜெபமணி என்கிற பாலிஷ்காரர் வந்து மயிலுக்குக் கையாலேயே மெழுகு தேய்த்துவிட்டுப் போவார். அது வருஷத்துக்கு இரண்டே நாள். மீதி நாளெல்லாம் உப்புக்காற்றும் வெயிலும் புழுதியும் காக்கை எச்சமும்தானே! ஆறு மாதம் நிற்க வேண்டிய மெழுகை அவை ஆறு வாரத்தில் தின்றுவிடும். மெழுகு போனால் நிறம் போகும், நிறம் போனால் துரு ஏறும். அந்த மீதி நாள்களைத்தான் வெயிலுமுத்தார் தம் தொண்டாக எடுத்துக்கொண்டார். யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை அது.

ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி உலரவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஆகவே இருள் பிரியும்போதே சைக்கிளில் நான்கு குடங்களைக் கட்டிக்கொண்டு இரண்டு மைல் தள்ளியுள்ள சுனைக்குப் போய்விடுவார். அவர் குடிப்பது உப்புத் தண்ணீர், மயில் குளிப்பது சுனைத் தண்ணீர். ஒரு குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று யாராவது கேட்டால், “நமக்கு நாக்குதான, பழகிரும். அதுக்கு மேனியில்லா!” என்பார்.

முதலில் வெறும் தண்ணீர். மணலும் உப்பும் தாமாகவே இறங்கிப் போன பிறகுதான் துணி. சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. துணியை நேராக இழுப்பார், வட்டம் போட மாட்டார். காய்ந்த துணி ஒருநாளும் மயில்மேல் பட்டதில்லை. காக்கை எச்சம் உலர்ந்திருந்தால் சுரண்ட மாட்டார். ஈரத்துணியைப் போட்டு, அது ஊறும்வரை, காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். அந்தத் துணிதான் என்ன? அவர் மனைவி ஆவுடையம்மாள் கட்டிய நூல் சேலை. அந்த அம்மாள் மஞ்சள் காமாலையில் போனபோது விட்டுப்போனது மூன்று சேலை. துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன சேலைகள். “அவளும் தொண்டு செய்யட்டுமே” என்று அவற்றைத் துண்டு துண்டாகக் கிழித்தார். கிழிக்கும்போது அழுதார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார். சேம்பு இலைமேல் நிற்கிற மாதிரி அது துளித்துளியாக உருண்டு நின்றால் மெழுகு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். “சொகமா இருக்கியா, சந்தோசம்” என்று மயிலைத் தட்டிக்கொடுத்துவிட்டு லாரி கழுவப் போவார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சுவாமி புறப்பாடு என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கண்ட இடத்தில் சந்தனத்தை அப்புவார்கள், குங்குமத்தைக் குழைத்து வைப்பார்கள். பக்திதான், தப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் அது வெயிலில் காய்ந்தால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு தடம் போட்டுவிடும். அதனால் மயில் ஷெட்டுக்குத் திரும்பியதும் வெயிலுமுத்தார் ஈரத்துணியோடு நிற்பார். ஒவ்வொரு பொட்டிலும் விரலால் கொஞ்சம் எடுத்துத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு, “இத வச்ச கை என்ன நெனைச்சுதோ, அது நடக்கட்டும் முருகா” என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பார். நாற்பது பொட்டு இருந்தால் நாற்பது தடவை சொல்வார். மயிலை ஓட்டுகிற டிரைவர் கோமதிநாயகத்துக்கு இது பெரிய வேடிக்கை. “தொடைப்பு நாயனாரே, உம்ம மந்திரம் முடிஞ்சுதா? கதவப் பூட்டணும்வே!” என்று கேலி செய்வார். ஊரிலும் அந்தப் பெயரே நிலைத்தது. இவரோ, “நாயனார்னு ஒருத்தனாவது கூப்பிடுதானே” என்று சிரித்துக்கொள்வார்.

ஒரு வருஷம் பங்குனி உத்திரத்தன்று தர்மகர்த்தா பிச்சையாவின் மனைவி செண்பகவல்லி அம்மாள் வெள்ளித் தட்டோடு வந்தார். மகள் காந்திமதிக்கு மதுரையில் பெரிய இடத்துச் சம்பந்தம் பேசியிருந்தது. “ஒன் கையாலேயே வைடி, நல்லா நெனைச்சுக்கிட்டு வை” என்று அம்மா சொல்ல, மகள் கை நிறையச் சந்தனத்தை அள்ளி மயிலின் பானெட் நடுவில் வட்டமாக அப்பினாள். மயில் திரும்பியதும் வெயிலுமுத்தார் வழக்கம்போல் நெற்றியில் இட்டு, வேண்டிக்கொண்டு, துடைத்துவிட்டார். அம்மாள் பிராகாரத்திலிருந்து பார்த்துவிட்டார்.  நாலாம் நாள் மதுரைக்காரர்கள் பெண் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அவ்வளவுதான், அம்மாள் நேராக ஷெட்டுக்கு வந்தார். பின்னாலேயே தர்மகர்த்தாவும் வந்தார்.

“அந்தச் சந்தனத்த எதுக்குவே அழிச்சீரு?” என்றார் பிச்சையா.

“அழிக்கல மொதலாளி. காயவிட்டா நெறத்தத் தின்னுரும். அதான் தொடைச்சேன்.”

“எம் மக வச்ச சந்தனம் நெறத்தத் திங்குமோ!” என்று கத்தினார் செண்பகவல்லி அம்மாள். “எம் மக வாழ்க்கையத் தின்னது நீருதான்வே! சாமிக்கு வச்சத வழிச்சு எறியுத கை வெளங்குமா? இனிமே மயில்மேல உம்ம கை படப்பிடாது!”

 வெயிலுமுத்தார் சோறு இல்லை என்றால் தாங்குவார். ஆவுடையம்மாளையே சுடுகாட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலை சுனைக்குப் போனவர். இந்த ஒரு வேலைதான் அவருக்கு மிச்சமிருந்த உறவு. அதுவும் போயிற்று.  இரண்டு வாளிகளையும் கவிழ்த்து வைத்தார், சேலைத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். சந்நிதிக்கு வெளியே நின்று, “மயில்கிட்டத்தான் போகப்பிடாதுன்னாங்க. ஒன்ன நெனைக்கப்பிடாதுன்னு சொல்லலையே” என்று கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

மறுநாள் பழக்கதோஷத்தில் சைக்கிள் சுனைக்குப் போய்விட்டது. நான்கு குடம் நிறைந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கரையில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், முதலில் வந்த உப்பு லாரியின் முகத்தில் ஊற்றினார். இரண்டு வாளி, ஈரத்துணி, நேர் இழுப்பு, எல்லாம் அதே முறை. கொட்டகை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“உப்பு லாரிக்குச் சுனைத் தண்ணியா? கிறுக்குப் பிடிச்சிருச்சா ஓய் ஒமக்கு?”

“எந்த வண்டியில ஏறி எந்த ஊருக்குப் போறானோ முருகன், நமக்கென்ன தெரியும் மொதலாளி?”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். தினமும் முதல் லாரிக்கு அந்த மரியாதை நடந்தது. துடைத்து முடித்ததும் சேலைத் துண்டை அலசி, கொட்டகைத் தூணில் உள்ள ஆணியில் தொங்கவிடுவார்.

மயிலின் கதி என்ன? கோமதிநாயகம் கெட்டவர் இல்லை, சோம்பேறி. காய்ந்த துண்டால் வறக்கு வறக்கென்று தேய்ப்பார். புழுதி போகாவிட்டால் துண்டில் மண்ணெண்ணெயைத் தொட்டுக்கொள்வார். அன்றைக்கு என்னமாய் மினுங்கும் தெரியுமா! “பாத்தீயளா, நாயனாரு இல்லாமலே எப்படி இருக்குன்னு!” என்று பீற்றிக்கொள்வார். மூன்றாம் நாள் எண்ணெய்ப் பசையில் ஊர்ப்புழுதி எல்லாம் வந்து அப்பிக்கொள்ளும். மறுபடியும் தேய்ப்பு. ஜனங்கள் வைத்த குங்குமத்தைத் துடைக்க இப்போது யாருக்குத் தைரியம் உண்டு? அது சித்திரை வெயிலில் வெந்து வெந்து வட்ட வட்டமாகத் தழும்பு போட்டது. இரண்டு மாதத்தில் மயில் கழுத்து நிறம் பாசி நிறமாகிவிட்டது.

வைகாசி விசாகம் வந்தது. மாலை நான்கு மணிக்குச் சுவாமி மயிலில் புறப்பட்டார். பஸ் ஸ்டாண்டு முனையை நெருங்கும்போது வானம் திடீரென்று கறுத்து, கோடை மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது? கொட்டித் தீர்த்தது. நாதஸ்வரக்காரர்கள் கடைகளுக்குள் ஓடினார்கள். “சுவாமி நனையுதாரே, எங்கயாவது ஒதுக்குங்கப்பா!” என்று குருக்கள் அலறினார். விதானத்தோடு வண்டி நுழையும் உயரத்துக்கு அந்தத் தெருவில் இருந்தது ஒரே ஒரு கூரை. கோமதிநாயகம் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

கொட்டகைக்குள் குழாயோடு நின்ற வெயிலுமுத்தார் லாரி வருகிறது என்று நினைத்து, “வாங்க, வாங்க, நேரா வாங்க” என்று கையைக் காட்டினார். உள்ளே வந்து நின்றது மயில். மேடையில் வேலும் கையுமாக முருகப்பெருமான். குழாய் கையிலிருந்து நழுவி விழுந்தது. மயிலிடம் போகாதே என்று ஊரார் தடுத்துவைத்த அடியாரிடம், அவர் வேலை செய்கிற சேற்றுக்கே சுவாமி வந்துவிட்டார் ஐயா!

ஆனால் அவர் கண் முதலில் போனது மயிலின் மேனிக்குத்தான். தழும்பும் கீறலும் பார்த்ததும், “ஐயோ, எம் மயிலே! என்ன பாடு பட்டிருக்கே!” என்று வாய்விட்டு அழுதார். மழைத் தண்ணீர் எங்கும் உருளவில்லை. ஈரத் தரைமாதிரிச் சப்பையாகப் படிந்து கிடந்தது. கை தன்னால் தூணிலிருந்த சேலைத் துண்டுக்குப் போயிற்று. உடனே நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

மகளையும் கூட்டிக்கொண்டு குடையோடு பின்னாலேயே வந்த செண்பகவல்லி அம்மாள் பானெட் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சப்பையாகக் கிடந்த தண்ணீருக்கு நடுவே, ஓர் உள்ளங்கை வட்டத்தில் மட்டும் துளிகள் முத்து முத்தாக உருண்டு நின்றன. சுற்றிலும் பாசி நிறம். அந்த வட்டம் மட்டும் மயில் கழுத்து.

“இது காந்திமதி சந்தனம் வச்ச எடம்லா?” என்றார் அம்மாள்.

கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். “அம்மா, சத்தியமாச் சொல்லுதேன். இந்த எடத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். மெழுகு நிக்க வழியே இல்ல.” பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு இவரு அத வழிச்சு எறியல. நெத்தியில வச்சுக்கிட்டு, இத வச்ச கை என்ன நெனைச்சுதோ அது நடக்கட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் தொடைச்சாரு. எல்லாப் பொட்டுக்கும் அப்படித்தான். நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். நீங்க ஏசினப்ப நான் வாயத் தெறக்கல. பாவி நான்.”

காந்திமதி விம்மினாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். “அம்மா, சந்தனம் வச்சது யாரு கை?”

“ஒன் கைதான்.”

“அது என்ன நெனைச்சுதுன்னு நீ கேக்கவே இல்லையே. அந்த மாப்பிள்ளை வேண்டாம், என் நர்ஸ் படிப்பு முடியட்டும் முருகான்னுதாம்மா நெனைச்சேன்! மாமாவ நீ ஏசினப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.” அவள் வெயிலுமுத்தார் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். “மாமா, நீங்க வேண்டினது நடந்துட்டு.”

 செண்பகவல்லி அம்மாள் மகளைப் பார்த்தார், மேடையில் இருந்த சுவாமியைப் பார்த்தார். பிறகு தாமே போய்த் தூணிலிருந்த சேலைத் துண்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“தொடைங்க அண்ணாச்சி,” என்றார். 

வெயிலுமுத்தார் அன்றைக்குச் சுனையிலிருந்து கொண்டுவந்ததில் இரண்டு குடம் மிச்சமிருந்தது. அது எதற்காக மிஞ்சியது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆவுடையம்மாளின் சேலையை நனைத்து, சுவாமி பார்த்துக்கொண்டிருக்க, நேர் இழுப்பாக இழுத்தார். அப்போது குருக்கள் சுவாமியின் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட வந்தார். “கை ஈரமா இருக்கு சாமி, இந்தப் பக்கம் முடிச்சுட்டு வாங்கிக்கிடுதேன்” என்றார் நம் அடியார். குருக்கள் மாலையோடு காத்து நின்றார்.

ஆடியில் ஜெபமணி வந்து தழும்புகளைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டு, பாடுபட்டுத் தேய்த்து நிறத்தை மீட்டார். அந்த உள்ளங்கை வட்டத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அதில் தேய்க்க ஒன்றுமில்லை என்றார். இப்போது கரையடியூரில் யாரும் மயில்மேல் சந்தனம் வைப்பதில்லை. புறப்பாட்டு நாளில் வரிசையில் வந்து, மனத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டு, வெயிலுமுத்தார் நெற்றியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நெற்றியில் இடம் போதாமல் சந்தனம் மூக்கில் வழியும். கோமதிநாயகம்தான் பக்கத்தில் நின்று துடைத்துவிடுகிறார், ஈரத்துணியால்.

ஊரார் வேண்டுதலையெல்லாம் தம் நெற்றியில் வாங்கிக்கொண்டு முருகன் மயிலுக்குக் குறையேதும் வராமல் பார்த்துக்கொண்ட அந்த ரேகையில்லாத விரல்களை, ரேஷன் மெஷினுக்குத் தெரியாவிட்டால் போகிறது, பெருமான் நன்றாகவே அறிவார்.