குயில் ஏன் எல்லாருக்கும் பதில் கூவுகிறது

அந்தக் காலத்தில் பறவை, மிருகம், பூச்சி எல்லாவற்றுக்கும் பேச்சு வரும். வரும் என்ன, நிற்கவே நிற்காது. விடிந்ததிலிருந்து கூடடைகிற வரை காடு முழுக்கப் பேச்சுதான். ஆனால் பதில் என்று ஒன்று அப்போது கிடையாது.

தவளை தன் பாட்டுக்கு, "மழை வரல, மழை வரல" என்று புலம்பும். குரங்கு, "இந்தக் கிளை என்னுது, அந்தக் கிளையும் என்னுது" என்று தாவிக்கொண்டே கத்தும். யானை ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, "முள்ளு குத்துதுங்க, முள்ளு குத்துதுங்க" என்று முனகும். அதன் தலைக்கு நேர் மேலே காக்கை உட்கார்ந்து, "வயிறு காயுதுய்யா" என்று கரையும். முள்ளைப் பிடுங்க இடுக்கி மாதிரி அலகு காக்கையிடம் இருந்தது. அத்திமரத்தில் காக்கையின் கனம் தாங்காத நுனிக்கிளைப் பழத்தையும் உலுக்கிக் கொட்ட யானையிடம் பலம் இருந்தது. இருந்து என்ன செய்ய? ஒருத்தர் பேச்சு ஒருத்தர் காதில் ஏறினால்தானே!

அந்தக் காட்டில் ஓர் ஆண்குயில் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. காடு முழுக்க இத்தனை குரல் இறைந்து கிடக்கும்போது சொந்தக் குரல் எதற்கு? தவளையை விடத் தவளையாகப் புலம்பும். குரங்கு கத்துகிற கத்தலில், நடுவே வாலைச் சொறிய நிறுத்துமே, அந்த நிறுத்தத்தைக் கூட விடாது. ஒரு கிளையில் உட்காராது. இங்கே ஒரு பன்றி, அங்கே ஒரு மைனா, அடுத்த மரத்தில் ஒரு ஓணான் என்று அலைந்துகொண்டே இருக்கும்.

அதன் பெண்டாட்டி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண்குயில், முதலில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. அந்தக் கோடையில் பழமெல்லாம் பிஞ்சிலேயே வெம்ப, ஒரே ஓர் அத்திமரம்தான் மிச்சம். கேள்வி கேட்கத் தெரிந்தவள் காட்டிலேயே அவள் ஒருத்திதான்.

"ஏய்யா, மலைக்கு அந்தாண்ட ஆலமரம் பழுத்துக் கிடக்கு. நான் பார்த்துட்டு வந்தேன். போயிடுவோமா?"

"போயிடுவோமா?" என்றது ஆண்குயில், அவள் குரலிலேயே. கழுத்தைச் சாய்ப்பது உட்பட.

"நான் உன்னைக் கேக்குறேன்."

"நான் உன்னைக் கேக்குறேன்."

"இங்க பாரு. அத்தி தீர்ந்த அன்னிக்கு நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள உன் வாயால ஒரு வார்த்தை சொல்லணும். வர்றேன்னாலும் சரி, வரலைன்னாலும் சரி. சொல்லாட்டி தனியாத்தான் போவேன்."

அவளை விட்டு ஒரு பொழுதும் இருக்க முடியாது என்று குயிலுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. "தனியாத்தான் போவேன்" என்று வந்தது.

மறுநாள் காலை அது அத்திமர இலைக்குள் ஒளிந்துகொண்டு இதுவரை போட்டுப் பார்க்காத யானைக் குரலுக்காகக் காத்திருந்தது. யானை வந்து, "முள்ளு குத்துதுங்க" என்று தொடங்கியது. மேலேயிருந்து அதே கனத்த குரலில், "முள்ளு குத்துதுங்க" என்று குயில் இறக்கியது.

யானை அசந்துபோய் நின்றது. தன் முனகல் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எத்தனை பரிதாபமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"அட, யாருங்க அது? உங்களுக்கும் குத்துதுங்களா?"

அண்ணாந்து பார்த்தால் காக்கைதான் தெரிந்தது. யானையின் சின்னக் கண் இரண்டும் தன் மேலேயே நிற்கவும், காக்கைக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. யாரும் அதை அப்படிப் பார்த்ததே இல்லை.

"எனக்கா? எனக்கு எங்கய்யா குத்துது? எனக்கு வயிறுல்ல காயுது!"

உலகத்தின் முதல் பதில் இதுதான். அப்படி ஒன்றும் பிரமாதமில்லை.

"பசிங்களா? எப்ப இருந்துங்க?"

"உன் தலைக்கு மேலேயே நாளெல்லாம் கத்துறேன், எப்ப இருந்துங்குறியே!"

"கேக்கலீங்களே. நான் பேசிட்டு இருந்தனுங்க."

காக்கை தலையைச் சாய்த்து யோசித்தது. "நானும்தான்" என்றது. "சரி, காலைக் காட்டு."

முள் வெளியே வந்தது. வந்த சுகத்தில் யானை மரத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியது. பழம் பொலபொலவென்று கொட்டியது. மிச்சமிருந்த அத்தனையும்.

அதற்கப்புறம் காட்டைப் பிடிக்க முடியவில்லை. ஒருத்தர் பேசுவது, இன்னொருத்தர் பொறுப்பது, பிறகு அவர் பேசுவது என்று பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் இந்தப் புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. தவளை போய்ப் பாம்பையே கேட்டது.

"என்னைத் தின்னப் போறியா?"

"ஆமா."

"நெசமாவா?"

"பின்னே?"

"நல்லவேளை சொன்னே" என்று குளத்துக்குள் குதித்தது தவளை. பேசிக்கொண்டால் ஒத்துப்போக வேண்டும் என்று சட்டமில்லை. பாம்பின் பசி பாம்புக்கு. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பாம்பு வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததே, அந்த இடம் தவளைக்குக் குதிக்கப் போதும்.

குயிலுக்குத் தலைகால் புரியவில்லை. யானையாகக் கேட்டது, காக்கையாகப் பதில் சொன்னது, மரத்துக்கு மரம் தாவியது. அப்போது பெண்குயில் வந்தாள்.

"அத்தி காலி. அந்த யானை கூடக் கேட்டுப் பதில் வாங்கிடுச்சு. இப்பச் சொல்லுய்யா. வர்றியா?"

குயில் ஆசையாகத்தான் வாயைத் திறந்தது. "உங்களுக்கும் குத்துதுங்களா?" என்று வந்தது.

"யானை வேண்டாம். நீ சொல்லு."

"எனக்கு வயிறுல்ல காயுது!"

"காக்கையும் வேண்டாம்யா. நீ!"

"நீ!"

"மலைகிட்டப் போய்க் கத்தினாலும் நான் சொன்னதுதான் திரும்பி வரும். அதுக்கு மலையே போதுமே, நீ எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள்.

குயில் அவள் போன பக்கம் பார்த்து வாயைத் திறந்தது. தவளை, குரங்கு, யானை எல்லாக் குரலையும் தள்ளிக்கொண்டு, அடியிலிருந்து யாருடையதும் அல்லாத ஒரு குரல் ஏறி வந்தது. "கூ... ஊ?" அதைக் கேட்டு அதுவே திடுக்கிட்டது. அவள் அதற்குள் மலையைத் தாண்டியிருந்தாள்.

மலையிலிருந்து "கூ... ஊ?" என்று வந்தது. அவளா? மலையா? இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கூவியது. அதுவும் ஏறித் திரும்பியது. பொறுக்க மாட்டாமல் பறந்துபோய்ப் பார்த்தது. ஆலமரத்தில் கொத்திய பழம் கிடந்தது, அவள் இல்லை. அவள் எந்தப் பக்கம் போனாள் என்று யாரையாவது கேட்கலாம் என்றால், அதன் வாயில் அந்த ஒரு கூவல் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அன்று முதல்தான், மரத்தடியில் நின்று எந்தப் பயல் கூவிக் காட்டினாலும் குயில் விடாமல், ஒவ்வொரு தடவையும் குரலை ஒரு படி ஏற்றி, பதில் கூவுகிறது. கேலி என்று அதற்குத் தெரியாதா என்ன, அந்த வித்தையில் அது பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஆனாலும் ஒருவேளை அது அவளாக இருந்துவிட்டால்? இன்னொரு தடவை பதில் சொல்லாமல் இருந்துவிட அதற்குத் தைரியமில்லை.