கழித்துத் தேடியவர்

குரு என்றால் தாடியும் காவியும் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம். இந்த குருவின் பெயர் ரெஜினா. வயது முப்பத்து நான்கு. திருச்சியில் ஒரு மருந்து மொத்தக்கடைக்கு மேல்மாடியில், காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் மையம் ஒன்றை நடத்தி வந்தாள்.

சீடருக்கு அறுபதுக்கு மேல். பெயர் வைத்தியலிங்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தது தன் மகனைத் தேடி. குகன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மற்றவர்கள் படத்தையும் விவரத்தையும் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே படியிறங்கிப் போவார்கள். இவர் போகவில்லை.

"இந்த வேலையை எனக்கும் கத்துக் கொடுங்க மேடம். என் பிள்ளையை நானே தேடிக்கறேன்."

"கம்ப்யூட்டர் தெரியுமா சார்?"

"தெரியாது. கத்துக்கறேன்."

ரெஜினா கற்றுக் கொடுத்தாள். ஒரு படத்தைக் கொடுத்தால் அதே முகம் வேறெங்கே இருக்கிறது என்று தேடும் தளம். அழித்துவிட்ட பக்கங்களின் பழைய பிரதியை எடுத்துக் காட்டும் தளம். ஒரு பெயர் இணையத்தில் புதிதாக எங்கே தலைகாட்டினாலும் மெயில் அனுப்பிவிடும் வசதி. மற்ற ஊர் மையங்களும் சேர்ந்து ஒரே அட்டவணையில் எழுதுவதற்கு ஒரு மென்பொருள். மனிதருக்குக் கற்பூர புத்தி. ஒரு தடவை சொன்னால் போதும்.

அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் டீ வந்ததும், புதிதாக ஏதாவது கருவியைக் கண்டுபிடித்தவர்கள் அதை மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். போகப் போக, காட்டுவது வைத்தியலிங்கம் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

"சார், இன்னைக்கு என்ன சரக்கு?" என்று அங்கே வேலை பார்க்கும் பிரமிளா கிண்டல் செய்வாள்.

"சிரி, சிரி. நாளைக்கு நீயே வந்து கேட்பே பாரு."

அவள் கேட்கத்தான் செய்தாள். எல்லோருமே கேட்டார்கள். மணப்பாறைப் பெண் ஒருத்தியின் புருஷன் காணாமல் போயிருந்தான். சூரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த பந்திப் படத்தில், சாம்பார் வாளியோடு நின்ற ஆள் அவன்தான் என்று பிடித்தது வைத்தியலிங்கம்.

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, உங்க பிள்ளைகுட்டிங்க நல்லா இருக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஊரார் வீட்டு ஆளெல்லாம் கிடைக்கிறார்கள், தன் பிள்ளை கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. பாவம், அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

வீட்டில் சொல்ல முடியாது. மனைவி செண்பகவல்லி படுக்கையில் இருந்தாள். இரண்டு சிறுநீரகமும் பழுது. மகன் போனதிலிருந்து அவள் புருஷனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் மையத்திலிருந்து திரும்பும்போது மட்டும் ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்.

"கிடைச்சானா?"

"இல்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இனிமேல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் டீ வந்தது. வைத்தியலிங்கம் எதையும் காட்டவில்லை. டீயையும் தொடவில்லை. நேராக ரெஜினாவின் மேசைக்கு வந்தார்.

"மேடம், இருக்கிற எல்லாத்துலயும் தேடிட்டேன். இதுக்கெல்லாம் மேல ஒரு கருவி எங்கயாவது இருந்தா சொல்லுங்க. அவ ரொம்ப நாள் தாங்க மாட்டா."

"எப்படித் தேடுறீங்க? என் முன்னால ஒரு தடவை தேடிக் காட்டுங்க."

அவர் தட்டினார். மகன் பெயர். தன் பெயர். ஊர். கடைசியில் ஒரு மைனஸ் குறி. அதை ஒட்டி ஒரு சொல்: அறிவிப்பு.

மைனஸ் போட்டு ஒரு சொல்லை எழுதினால், அந்தச் சொல் உள்ள பக்கங்களைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் தேடுபொறி காட்டும். ஆரம்பத்தில் ரெஜினா சொல்லிக் கொடுத்ததுதான் அது.

"அந்த மைனஸ் எதுக்கு சார்?"

"வேண்டாத குப்பையெல்லாம் வந்து விழுது மேடம்."

ரெஜினா கையை நீட்டினாள். மைனஸையும் அந்தச் சொல்லையும் அழித்தாள். மறுபடி தேடச் சொல்லி அழுத்தினாள்.

முதலிலேயே வந்து நின்றது அது. ஒரு நாளிதழில் வந்த பொது அறிவிப்பு. 'என் மகன் குகன் என் சொல் கேளாமல் தன்னிச்சையாக நடந்து குடும்பத்துக்கு அவப்பெயர் தேடித் தந்தபடியால், இன்று முதல் அவனுக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை. என் ஈமச்சடங்கைச் செய்யவும் அவனுக்கு உரிமை இல்லை.' கீழே வைத்தியலிங்கத்தின் பெயரும் ஊரும் இருந்தன. பக்கத்தில் குகனின் படம், லேசாகச் சிரித்தபடி.

அவர் மடிக்கணினியை மூடப் போனார். ரெஜினா மூட விடவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"நீங்க படியேறி வந்த அன்னைக்கே."

"ஒரு வார்த்தை கேட்கலையே மேடம்."

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

பிரமிளா தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற ஆளுங்க பொண்ணைக் கட்டிக்கிட்டான்," என்றார் வைத்தியலிங்கம். "சொந்தபந்தம் எல்லாம் காறித் துப்பாத குறை. தலை நிமிர முடியலை. அந்த ஆத்திரத்துல கொடுத்தது மேடம். அதுல இருக்கிற வார்த்தைகூட என்னது இல்ல. வக்கீல் எழுதினாரு. நான் கையெழுத்துதான் போட்டேன்."

"வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க குகன் பேரைத் தட்டிப் பார்த்தா இதுதான் முதல்ல வரும். வாடகைக்கு வீடு விடறவங்க தட்டினாலும் இதுதான். அவங்க யாரும் மைனஸ் போட மாட்டாங்க சார்."

"அதனால?"

"பேரை மாத்திக்கிட்டிருப்பான். நானா இருந்தா மாத்தியிருப்பேன்."

எத்தனை தளங்கள், எத்தனை வழிகள். படத்தை வைத்துத் தேடியது போக, மற்ற எல்லாவற்றிலும் வைத்தியலிங்கம் கொடுத்துத் தேடியது, மகன் எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஒரு பெயரை. அப்படிப் போட வைத்தவரும் அவரேதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

பிறகு கேட்டார். "இதை எடுத்துட முடியுமா?"

"பத்திரிகைக்கு எழுதிக் கேட்கலாம். எடுத்தாலும் எடுப்பாங்க. எடுக்காமலும் விடுவாங்க."

"அப்போ நான் வேற ஒண்ணு போட்டா? என்னைக்காவது ஒரு நாள் அப்பன் இருக்கானா செத்தானான்னு என் பேரைத் தட்டிப் பார்ப்பானில்ல? அப்போ அது அவன் கண்ணுல படுமில்ல?"

"படலாம் சார்."

போன உயிர் திரும்பி வந்தது போல அவர் நிமிர்ந்தார். போன வாரம் எல்லோருக்கும் காட்டிய புது மென்பொருள் ஒன்றைத் திறந்தார். இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும், கடிதமோ மனுவோ அதுவே எழுதித் தந்துவிடும். 'வீட்டை விட்டுப் போன மகனிடம் அப்பா மன்னிப்புக் கேட்கும் கடிதம், உருக்கமாக' என்று தட்டினார்.

கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"அன்பு மகனே, நீ இல்லாத இந்த இல்லத்தில் ஒவ்வொரு விடியலும் இருளாகவே விடிகிறது..."

பாதியில் நிறுத்தினார். கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் படித்து முடித்தார். பிரமிளாவும் அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்கில்ல மேடம்? இப்படியே போட்டுடலாமா?"

ரெஜினா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். போன தடவை வக்கீல் எழுதினதும் நல்லாத்தான் இருந்துச்சு."