இல்லாத பேட்டரியைத் திருடியவள்

மில் முதலாளி தெய்வநாயகத்தின் கைக்கடிகாரம் வெயிலிலேயே ஓடும். பேட்டரியே கிடையாது என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அது நின்றுபோனது. கோபத்தில் வேலைக்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“உள்ள இருந்த பேட்டரியை நீதானே எடுத்தே? மரியாதையா கொடுத்துடு. இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவேன்.”

செங்கமலம் திருதிருவென்று விழித்தாள். “அதுல பேட்டரியே இல்லைன்னு நீங்கதானேங்கய்யா சொல்வீங்க? இல்லாததை எப்படி எடுக்கிறது?”

விருந்தாளிகள் முதலாளியைப் பார்த்தார்கள். அவருக்கே குழம்பிவிட்டது. கடிகாரக் கடைக்காரரை வரவழைத்தார். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கிற செல் உள்ளதான் இருக்குங்க. பல வருஷமா சார்ஜ் ஏறி இறங்கி ஓய்ஞ்சுபோச்சு. மாத்தணும்.”

“அப்போ பேட்டரி இருக்கா, இல்லையா?” என்றார் முதலாளி.

செங்கமலத்துக்கும் அது புரியவில்லை. “இருக்குன்னா நான் எடுக்கலீங்கய்யா. இல்லைன்னா எடுக்கவே முடியாது,” என்றாள்.